எம்பாமிங் கலைச்சொற்கள்: அமெரிக்க உரிமத் தேர்வின் சொல்வரையறைகளும் தமிழாக்கமும்

இறந்தோர் உடலை வேதிப்பொருள்களால் பதப்படுத்தி, உற்றார் காண்பதற்கும் அடக்கத்துக்கும் ஏற்றவாறு ஆயத்தம் செய்யும் எம்பாமிங் தொழில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுவாக உரிமம் பெற்றோர்க்கே உரியது. இதற்கான முதல் உரிமச் சட்டத்தை 1894இல் வர்ஜீனியா மாநிலம் இயற்றியது. பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 1983இல் உரிமமுறையைக் கைவிட்ட கொலராடோ மாநிலமும் 2024இல் சட்டமியற்றி மீண்டும் அதற்குத் திரும்பியது. ஈமத்தொழிற் கல்லூரிகளில் பயில்வோர் தம் படிப்பின் முடிவில் தேசிய வாரியத் தேர்வை எழுதுகின்றனர். கலைப்பிரிவு, அறிவியற்பிரிவு என இரு பகுதிகளாக நடைபெறும் இத்தேர்வில், எம்பாமிங் அறிவியற்பிரிவைச் சார்ந்தது. வினாக்கள் யாவும் தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையின. எனவே ஒரு சொல்லின் பொருளை ஏறத்தாழ அறிந்திருப்பது இங்குப் போதாது. அதனை அடுத்துள்ள சொல்லிலிருந்து பிரித்தறியவும் வேண்டும்.

இத்துறையின் சொற்றொகுதி அச்சந்தருவது இலத்தீன், கிரேக்கச் சொற்களின் மிகுதியால் என்று வெளியார் கருதுவர். உண்மையில் இலத்தீன் சொற்கள் மாணவருக்குப் பெருந்தொல்லை தருவதில்லை. அவை புதியன, ஆதலின் புதிய பொருளோடு ஒருங்கே மனத்தில் பதிகின்றன. தொல்லை தருவன அன்றாட ஆங்கிலச் சொற்களே. வெளியுலகில் ஒருபொருட் பன்மொழியாக வழங்குவன இங்குத் தனித்தனிப் பொருளுடையனவாக வரையறுக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளரும் இவ்விடத்திலேயே இடறுகிறார். இலத்தீன் சொல்லைக் கண்டதும் கலைச்சொல் என்று விழிப்படைபவர், எளிய சொல்லைக் கண்டவுடன் கைக்கெட்டிய தமிழ்ச்சொல்லை இட்டுக் கடந்துவிடுகிறார்.

1. தகுதி வழக்கு மூன்றும் ஒரே தொழிலில்

இயற்சொல்லை விடுத்து வேறு சொல்லால் கூறும் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூலார் மூவகைப்படுத்தினார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்துக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். மங்கல வழக்கை விளக்க முற்பட்டவர்களுக்குச் சாவே முதற்கண் நினைவுக்கு வந்தது என்பது கருதத்தக்கது. அமெரிக்க ஈமத்தொழிலின் மொழி இம்மூவகைக்கும் ஏராளமான சான்றுகளைத் தருகிறது.

பிணப்பேழையைக் குறிக்கும் ‘காஃபின்’ என்ற பழஞ்சொல்லின் இடத்தை, நகைப்பேழை என்னும் பொருளுடைய ‘காஸ்கெட்’ பிடித்துக்கொண்டது. தோள்பக்கம் அகன்று கால்பக்கம் குறுகும் அறுகோண வடிவுடையது காஃபின். நீள்சதுர வடிவினது காஸ்கெட். மங்கலமாகப் புகுந்த சொல் பின்னர் வடிவ வேறுபாட்டையும் ஏற்றுக் கலைச்சொல்லாகிவிட்டமைக்கு இது சான்று. ‘அண்டர்டேக்கர்’ என்ற சொல் தொடக்கத்தில் எப்பணியையும் மேற்கொள்பவரைக் குறித்துப் பின்னர் ஈமப்பணி மேற்கொள்பவருக்கே உரியதாயிற்று. அச்சொல்லின்மேலும் நிழல் படிந்தபோது, மருத்துவரைக் குறிக்கும் ‘ஃபிசிஷியன்’ என்பதன் ஈற்றை ஒட்டி ‘மார்ட்டிஷியன்’ என்ற புதுச்சொல் 1895இல் தொழிலிதழ் ஒன்றில் ஆக்கப்பட்டது. இன்று அதனினும் ‘ஃபியூனரல் டைரக்டர்’ என்பதே பெருவழக்கு. மங்கலச் சொல் பழகப்பழக அமங்கலத்தின் சாயலை ஏற்கும் என்பதும், அதன்பின் மற்றொரு சொல் தேவைப்படும் என்பதும் பொருண்மையியலார் அறிந்ததே. ஈவ்லின் வா 1948இல் வெளியிட்ட ‘தி லவ்டு ஒன்’ புதினமும், ஜெசிகா மிட்ஃபோர்டு 1963இல் வெளியிட்ட ‘தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்’ நூலும் இச்சொற்களை எள்ளி நகையாடின. எள்ளலுக்கு அஞ்சி அச்சொற்கள் ஒழிந்துவிடவில்லை.

குழூஉக்குறிகள் பணியறைக்குள் வழங்குவன. இறப்புச் செய்தி கிடைத்து உடலை எடுத்துவரச் செல்வது ‘முதல் அழைப்பு’. இறந்தவரின் கண்ணிமைகளையும் வாயையும் இயல்பான தோற்றத்தில் பொருத்துவது ‘முகவுறுப்புகளை அமைத்தல்’. உடல் ஒவ்வொன்றும் ‘கேஸ்’. இக்கடைசிச் சொல் தேர்வின் வரையறைகளுக்குள்ளும் நுழைந்து, உடலின் நிலையை ஆராய்ந்து முறையைத் தெரிவு செய்தலைக் குறிக்கும் ‘கேஸ் அனாலிசிஸ்’ என நிலைபெற்றுவிட்டது. இதனை ‘வழக்கு ஆய்வு’ எனப் பெயர்த்தால் நீதிமன்றம் நினைவுக்கு வரும். ‘உடல்நிலை ஆய்வு’ என்றாலோ உயிருள்ளவரின் நலம் விசாரிப்பதுபோல் ஆகும். ‘உடற்கூறு நிலை மதிப்பீடு’ என விரித்தெழுதுவதே தக்கது.

உடலைக் குறிக்கும் சொற்களில் இருமொழிக்கும் ஒரு பொதுமை உண்டு. தமிழில் பிணம், சடலம், பிரேதம், உடல், பூதவுடல் எனப் படிவரிசை இருப்பதுபோல ஆங்கிலத்திலும் உண்டு. ஆயினும் மருத்துவப் பயிற்சிக்கும் அறுத்தாய்வுக்கும் பயன்படும் உடலை மட்டுமே ‘கெடாவர்’ என்று தேர்வுமொழி வரையறுக்கிறது. தமிழ்ப் படிவரிசை மதிப்பின் அளவால் அமைந்தது. ஆங்கிலக் கலைச்சொல் பயனின் அடிப்படையில் அமைந்தது. ஆகவே ‘பிணம்’ என்றோ ‘சடலம்’ என்றோ பெயர்ப்பது பிழையாகாவிடினும் வரையறையை ஏற்றதாகாது. ‘பயிற்சிக்குரிய உடல்’ என்றே எழுத வேண்டும்.

2. நிறத்தின் சொற்கள்

இத்துறையின் சொல்நுட்பத்தை முழுமையாகக் காட்டுவது குருதியால் தோன்றும் நிறமாற்றங்களைக் குறிக்கும் தொகுதியாகும். இதயம் நின்றபின் குருதி புவியீர்ப்பினால் உடலின் தாழ்ந்த பகுதிகளுக்கு இறங்குகிறது. இவ்விறக்கம் ‘ஹைப்போஸ்டாசிஸ்’. அதனால் அப்பகுதிகளில் தோன்றும் செந்நீல நிறம் ‘லைவர் மார்ட்டிஸ்’. காலம் செல்லச்செல்லச் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் நிறப்பொருள் குழாய்ச் சுவரைக் கடந்து திசுக்களில் ஊறுகிறது. அவ்வாறு ஊறிய நிறம் ‘போஸ்ட்மார்ட்டம் ஸ்டெயின்’. பொதுமொழியில் மூன்றையும் ‘பிணத்தின்மேல் படரும் கருநிறம்’ என்று கூறிவிடலாம். சட்ட மருத்துவ நூல்கள் பலவற்றிலும் முதலிரண்டும் ஒருபொருட் சொற்களாக வழங்குகின்றன. எம்பாமிங் தேர்வில் அவை மூன்று விடைகள், ஒன்றே சரியானது.

இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதன்று. லைவர் மார்ட்டிஸ் குழாய்களுக்குள் அடங்கியுள்ள குருதியின் நிறம். விரலால் அழுத்தினால் வெளிறும். தமனி வழியே நீர்மத்தைச் செலுத்திச் சிரை வழியே குருதியை வடித்தால் நீங்கும். போஸ்ட்மார்ட்டம் ஸ்டெயின் குழாய்க்கு வெளியே உள்ளது. அழுத்தினாலும் வெளிறாது, வடித்தாலும் நீங்காது, மேற்பூச்சாலேயே மறைக்க முடியும். முதலாவதை இரண்டாவதாகக் கொண்டவர் நீக்கக்கூடிய நிறத்தை விட்டுவிடுவார். இரண்டாவதை முதலாவதாகக் கொண்டவர் நீங்காத நிறத்தை நீக்க முயன்று நீர்மத்தை மிகுதியாகச் செலுத்தி முகத்தை வீங்கச் செய்வார். வீங்கிய முகத்தைக் குடும்பத்தார் காண நேரும்.

இவ்விடத்தில் தமிழின் தொழிற்பெயர் ஈறுகள் பெரிதும் கைகொடுக்கின்றன. ‘படிதல்’ நிகழ்வைக் குறிக்கும். ‘படிவு’ நிகழ்வின் விளைவைக் குறிக்கும். ‘குருதி கீழிறங்கிப் படிதல்’ என்று ஹைப்போஸ்டாசிஸையும், ‘படிவு நிறம்’ என்று லைவர் மார்ட்டிஸையும், ‘ஊறற்கறை’ என்று போஸ்ட்மார்ட்டம் ஸ்டெயினையும் பெயர்த்தால், காரணகாரியத் தொடர்ச்சி சொல்வடிவிலேயே வெளிப்படும். மூலமொழியில் கிரேக்கமும் இலத்தீனும் ஆங்கிலமும் கலந்து சிதறிக் கிடக்கும் மூன்று சொற்கள் தமிழில் ஒரு குடும்பமாகின்றன. மூலத்தைக் காட்டிலும் பெயர்ப்பு தெளிவு பெறும் அரிய இடங்களுள் இது ஒன்று.

இறப்புக்கு முன்பே தோன்றிய நிறங்களுக்கும் தனிச்சொற்கள் உள்ளன. ஊசிமுனையளவு குருதிப்புள்ளி ‘பெட்டெக்கியா’, படர்ந்த கன்றல் ‘எக்கிமோசிஸ்’, குருதி தேங்கிப் புடைத்தது ‘ஹெமட்டோமா’. இவற்றுக்குப் புள்ளிக்குருதி, கன்றல், குருதிக்கட்டி என்பன இயல்பாகவே பொருந்தும். மஞ்சட்காமாலையின் நிறம் மற்றொரு சிக்கலைத் தருகிறது. பித்தநீரின் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபின், வலிமிக்க ஃபார்மால்டிஹைடின் வினையால் பச்சை நிறப் பிலிவெர்டினாக மாறும். காமாலையால் இறந்தவரின் முகம் பச்சையாக மாறிவிடும் இவ்விளைவைத் தேர்வு தவறாது வினவுகிறது. இதன் பெயர்ப்பில் இடர் ஏதுமில்லை. ஆனால் ‘ஃபார்மால்டிஹைடு கிரே’ என்பதில் உண்டு. குருதிச் செம்பொருளோடு ஃபார்மால்டிஹைடு வினைபுரிவதால் தோல் மங்கிய நிறம் பெறுதலைக் குறிப்பது அது. ‘ஃபார்மால்டிஹைடு சாம்பல்’ என்று சுருக்கினால், எரியூட்டலும் சாம்பலும் அடுத்தடுத்துப் பேசப்படும் ஒரு நூலில் படிப்பவர் என்ன கருதுவார்? ‘சாம்பல்நிறம்’ என முழுமையாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. எரிந்த எலும்பின் எச்சத்துக்கு ‘கிரிமேஷன்’, ‘ரிமெயின்ஸ்’ என்ற இரு சொற்களையும் ஒட்டி ‘கிரிமெயின்ஸ்’ என்று தொழிலார் ஆக்கிக்கொண்டனர். தமிழுக்கு அத்தொல்லை இல்லை, ‘அஸ்தி’ இருக்கிறது.

3. விறைப்பு

ரைகர் மார்ட்டிஸ் என்பதற்கு ‘இறப்பு விறைப்பு’ பொருத்தமானது. தசைகளில் ஆற்றல் தரும் ஏ.டி.பி. தீர்ந்தபின் ஆக்டின், மயோசின் என்னும் இரு புரத இழைகளும் பிணைந்த நிலையிலேயே நின்றுவிடுவதால் இது விளைகிறது. சில மணி நேரத்தில் தொடங்கி, பின்னர்ச் சிதைவு தொடங்கும்போது தானே நெகிழும். ஆயினும் பணிமேசைமேல் கிடக்கும் உடல் விறைத்திருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. குளிரூட்டப்பட்ட உடலின் கொழுப்பு உறைந்து இறுகலாம். இறக்கும் நொடியிலேயே கைப்பிடி இறுகி அப்படியே நின்றிருக்கலாம். இது ‘கெடாவெரிக் ஸ்பாசம்’. செலுத்திய நீர்மம் புரதங்களைக் குறுக்குப்பிணைத்துத் திசுவைக் கெட்டிப்படுத்தியிருக்கலாம், இது ‘ஃபர்மிங்’. உடலைத் தொட்டுப் பார்க்கும் கை இவற்றை வேறுபடுத்தாது. சொல் வேறுபடுத்த வேண்டும்.

நீர்மம் பரவியதா என்பதைத் திசுவின் கெட்டியைக் கொண்டு அறிவது எம்பாமிங் செய்வோர் வழக்கம். இறப்பு விறைப்பைக் கண்டு நீர்மம் பரவிவிட்டதென்று நிறுத்திக்கொண்டால், விறைப்பு நெகிழ்ந்தபின் பதம் பெறாத திசு அழுகத் தொடங்கும். அதனால்தான் இறப்பு விறைப்பைப் பதப்பாட்டின் பொய்யறிகுறிகளுள் ஒன்றாகப் பாடநூல்கள் எச்சரிக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ‘விறைப்பு’ என்ற ஒரே சொல்லை ஆள்வது அந்தப் பொய்யறிகுறியைப் பெயர்ப்பிலும் நட்டுவைப்பதாகும். இயற்கையாக நிகழ்வதற்கு ‘விறைப்பு’, வேதிப்பொருளால் நிகழ்வதற்கு ‘இறுக்கம்’, குளிரால் நிகழ்வதற்கு ‘உறைவு’, இறக்கும் தறுவாயில் நிகழ்வதற்கு ‘இசிவு’ எனப் பிரித்தாளுதல் நன்று. இந்நான்கும் தமிழ்ப் பொதுவழக்கில் உள்ள சொற்களே. புதியது எதனையும் ஆக்க வேண்டியதில்லை. உள்ளவற்றைப் பங்கிட்டுக் கொடுத்தாலே போதும்.

4. இடம், அழுத்தம், வடிப்பு

நீர்மம் செலுத்தும் தமனியைக் கண்டறிய மூன்று வரையறைகளை மாணவர் மனங்கொள்ள வேண்டும்: கோட்டு வழிகாட்டி, உடற்கூற்று வழிகாட்டி, உடற்கூற்று எல்லை. கழுத்திலுள்ள பொதுக் கரோட்டிட் தமனியை எடுத்துக்கொண்டால், மார்பெலும்பும் காறையெலும்பும் கூடும் மூட்டிலிருந்து காதுமடலின் அடிவரை தோல்மேல் வரையும் கற்பனைக்கோடு முதலாவது. கழுத்தின் பக்கத்தசையோடு தமனிக்குள்ள இடவுறவு இரண்டாவது. தமனி எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பது மூன்றாவது. வலத்தமனி அம்மூட்டின் மட்டத்தில் தொடங்குகிறது. இடத்தமனி இரண்டாம் விலா குருத்தெலும்பின் மட்டத்தில், அதாவது சற்றுத் தாழ்வாகத் தொடங்குகிறது. இடத்தமனி பெருந்தமனி வளைவிலிருந்தே நேரே கிளைப்பது இதற்குக் காரணம். ‘இருபுறமும் ஒன்றே’ என்று நினைத்த மாணவர் இவ்வினாவில் தவறுவார்.

தமனி, சிரை என்ற சொற்களிலேயே தமிழுக்கு ஒரு இடர் உண்டு. தமிழ்நாட்டில் தமனி, சிரை என வழங்குவன இலங்கையில் நாடி, நாளம் எனப்படுகின்றன. தமிழ்நாட்டு வழக்கில் ‘இரத்தநாளம்’ குருதிக்குழாய் எதற்கும் பொதுப்பெயர். ‘நாளத்தில் செலுத்துக’ என்ற தொடரைத் தமிழ்நாட்டு வாசகர் ‘குழாயில் செலுத்துக’ என்றும், யாழ்ப்பாணத்து வாசகர் ‘சிரையில் செலுத்துக’ என்றும் கொள்வர். தமனியில் செலுத்திச் சிரையில் வடிப்பதே இத்தொழிலின் அடிப்படை; அது தலைகீழாகிவிடும். அழுத்தத்தை இலங்கை நூல்கள் ‘அமுக்கம்’ என்பதில் இத்தகைய இடர் இல்லை. வாசகர் எந்நாட்டவர் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு ஒரு வழக்கையே இறுதிவரை ஆளுதல் வேண்டும்.

நீர்மம் செலுத்தும் பொறியின் அழுத்தத்தைக் குறிக்க மூன்று சொற்கள் உள்ளன. பொறி இயங்க, நீர்மம் செல்லும் வழி மூடியிருக்கும்போது அளவி காட்டுவது ‘பொட்டென்ஷியல் பிரஷர்’. வழி திறந்து நீர்மம் உடலுக்குள் பாயும்போது காட்டுவது ‘ஆக்சுவல் பிரஷர்’. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ‘டிஃபரென்ஷியல் பிரஷர்’. முன்னது 20 இராத்தல், பின்னது 15 எனில் வேறுபாடு 5. நீர்மம் பாயும் விரைவை இவ்வேறுபாட்டைக் கொண்டே மதிப்பிடுவர். இயற்பியலில் நிலையாற்றல் என்றிருப்பதைப் பின்பற்றி முதலாவதை ‘நிலையழுத்தம்’ எனலாமா என்றால், மாறாத அழுத்தம் என்று பொருள்படக்கூடும். ‘மூடுநிலை அழுத்தம்’, ‘பாய்நிலை அழுத்தம்’, ‘வேறுபாட்டழுத்தம்’ என்பன அளவியை எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றன. மூலச்சொல்லின் பொருளைவிட மூலச்செயலைப் பார்த்துப் பெயரிடுவது இவ்வகைத் துறைகளில் பயன்தருகிறது.

குருதியை வடிக்கும் முறைகளிலும் இதே நிலை. செலுத்தும் நேரம் முழுதும் வடிகுழாய் திறந்திருப்பது ஒன்று. செலுத்துதல் தொடர, வடிப்பை மட்டும் அவ்வப்போது நிறுத்துவது மற்றொன்று. செலுத்தும்போது வடிக்காமலும் வடிக்கும்போது செலுத்தாமலும் இருப்பது மூன்றாவது. பின்னிரண்டுக்கும் உரிய ‘இன்டர்மிட்டென்ட்’, ‘ஆல்ட்டர்னேட்’ என்பன அன்றாட ஆங்கிலத்தில் நெருங்கிய பொருளுடையன. ஆகவே தேர்வில் அருகருகே வைக்கப்படுகின்றன. தமிழில் ‘இடைவிட்ட வடிப்பு’, ‘மாறிமாறி வடிப்பு’ என்றால் குழப்பமில்லை. ‘மாற்று வடிப்பு’ என்பது கூடாது. வேறொரு முறை என்று பொருள்பட்டுவிடும்.

5. நீர்மத்தின் கணக்கு

எம்பாமிங் நீர்மத்தின் வலிமையைக் கூறும் ‘இண்டெக்ஸ்’ என்பது, 100 மில்லிலிட்டர் நீர்மத்தில் கரைந்துள்ள ஃபார்மால்டிஹைடு வளியின் எடை எத்தனை கிராம் என்பதாகும். ‘அட்டவணை’, ‘சுட்டி’ என்னும் அகராதிப் பொருள்கள் இங்கு உதவா. ‘வலிமைக் குறியெண்’ எனலாம். 20 குறியெண் கொண்ட நீர்மம் 16 அவுன்சை எடுத்து, நீரூற்றி ஒரு காலன் ஆக்கினால், கலவையின் வலிமை 2.5 விழுக்காடு. காலனுக்கு 128 அவுன்சு. 20ஐ 16ஆல் பெருக்கி 128ஆல் வகுக்க வேண்டும். ஒரு காலன் நீரோடு 16 அவுன்சைச் சேர்த்தால், மொத்தம் 144 அவுன்சு ஆகி, வலிமை ஏறத்தாழ 2.2 ஆகக் குறையும். ‘சேர்த்து ஒரு காலனாக்குக’, ‘ஒரு காலனோடு சேர்க்க’ என்னும் வேற்றுமையுருபு வேறுபாட்டில் அடங்கியுள்ள கணக்கு இது. அமெரிக்கக் காலனுக்கு 128 அவுன்சு, பிரித்தானியக் காலனுக்கு 160 அவுன்சு என்பதையும் பெயர்ப்பாளர் மறத்தலாகாது. நம் பழைய பாடநூல்களில் கண்டது பிரித்தானியக் காலன்.

நீர்மத்தின் உட்கூறுகளுள் ‘வெஹிக்கிள்’ என்பது பிற பொருள்களைச் சுமந்து செல்லும் கரைநீர்மம். ‘வாகனம்’ என்று எழுதியவர் நகைப்புக்கு ஆளாவார். சித்த மருத்துவத்தில் மருந்தோடு சேர்த்துண்ணும் தேன், வெந்நீர் முதலியவற்றுக்கு ‘அனுபானம்’ என்று பெயர். அழகிய இணை, ஆயினும் உண்ணுதல் என்னும் பொருள் அதனுள் பிரிக்கவியலாது உறைந்துள்ளது. ‘தாங்குநீர்மம்’ என்பது அழகிற் குறைந்தாலும் பிழையற்றது.

‘பர்ஜ்’ என்னும் சொல்லும் இங்கே குறிப்பிடத்தக்கது. பேதிக்குக் கொடுத்தல், ஒருகட்சியினரைக் களையெடுத்தல் முதலிய பொருள்களில் வழங்கும் இச்சொல், இத்துறையில் உள்ளழுத்தத்தால் உடலின் துளைகள்வழி ஏதேனும் வெளிப்படுதலைக் குறிக்கும். வெளிப்படுவது காப்பித்தூள் நிறமும் அமிலத்தன்மையும் உடையதாயின் இரைப்பையினின்று வந்தது. நுரைத்து வருவதாயின் நுரையீரலினின்று வந்தது. ‘கழிவு’ என்பது இடக்கரடக்கலாகப் பொருந்துவதுபோல் தோன்றினும், கழித்தல் உயிருடையவர் செயல். ‘உள்ளழுத்தக் கசிவு’ என்பதே ஏற்றது.

6. எம்பாமிங் என்ற சொல்

இதுகாறும் எம்பாமிங் என்ற சொல்லே ஆளப்பட்டது. இதற்குத் தமிழ்ச்சொல் இல்லாமலில்லை. தமிழ் விவிலியத்தில் யோசேப்பு தன் தந்தையின் உடலுக்கு எகிப்திய மருத்துவரைக் கொண்டு செய்வித்த செயல் ‘சுகந்தவர்க்கமிடுதல்’ எனப்படுகிறது. ஆங்கிலச் சொல்லின் வேரும் ‘பாம்’ என்னும் நறும்பிசினே. ஆதலின் வேர்ப்பொருள் அளவில் அது நேர்பெயர்ப்பு. எகிப்தியர் செயலுக்கு அது முற்றிலும் தகும். 19ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்க்காலத்தில், போர்க்களத்தில் இறந்தவரைத் தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்பவேண்டி அமெரிக்காவில் பரவிய தமனிவழிச் செலுத்துகைக்கு அது தகாது. 1865இல் கொலையுண்ட ஆபிரகாம் லிங்கனின் உடல் இருப்பூர்தியில் பல நகரங்களைக் கடந்து சென்றது இம்முறையால்தான். பின்னர்ப் பரவிய ஃபார்மால்டிஹைடு நறுமணத்துக்கு முற்றிலும் மாறான நெடியுடையது. காற்றில் அதன் அளவு, எட்டுமணி நேரப் பணியின் சராசரியாக, பத்து இலட்சத்தில் 0.75 பங்குக்கு மேற்படலாகாது என்பது 1992 முதல் அந்நாட்டுப் பணியிட விதி.

‘பதனிடல்’ தோலுக்கு உரியது. ‘பதப்படுத்தல்’ மீனுக்கும் பழத்துக்கும் உரியது. வேதியியல் நோக்கில் தோல் பதனிடலும் இதுவும் புரதங்களைப் பிணைக்கும் ஒரே வகை வினை. ஆகவே ‘பதனிடல்’ அறிவியற் பிழையன்று. ஆயினும் இறந்தவரின் மக்களிடம் அச்சொல்லை யார் கூறுவர்? பாடநூலில் ‘உடற்பதனம்’ என்று கலைச்சொல் ஆக்கிக்கொள்ளலாம். வளைகுடா நாடுகளில் இறந்தவர் உடல்களை ஊருக்கு அனுப்பும்போது இணைக்கப்படும் சான்றிதழைப் பற்றி எழுதும் தமிழ் நாளிதழ்கள் ‘எம்பாமிங்’ என்றே எழுதுகின்றன. மக்கள் வழக்கில் அச்சொல் வேரூன்றிவிட்டது.

மருத்துவத் தமிழில் இத்தகைய தேர்வுகளை முதலில் எதிர்கொண்டவரும் ஓர் அமெரிக்கரே. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரிலிருந்து 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழில் வழங்கும் சொல், வடசொல், ஆங்கில ஒலிபெயர்ப்பு என்னும் வரிசையில் சொற்களைத் தேடினார். அவ்வரிசையைக் கொண்டு பார்த்தால், எம்பாமிங் என்பது இன்று ஒலிபெயர்ப்பு என்ற நிலையைத் தாண்டித் தமிழில் வழங்கும் சொல்லாகவே கொள்ளத்தக்கது.

இத்தேர்வுக்குச் சட்டச் சார்பும் உண்டு. 1984 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஈமவிதி, சில தனிநிலைகள் நீங்கலாக எம்பாமிங் செய்வதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்னும் கூற்றை விலைப்பட்டியலில் அச்சிட வேண்டும் என்கிறது. உடல் நெடுங்காலம் கெடாதிருக்கும் என்று கூறி விற்பதைத் தடுக்கிறது. குடும்பத்தாரின் முன்னிசைவு பெறாது எம்பாமிங் செய்து கட்டணம் பெறுவதற்கும் பொதுவாகத் தடையுண்டு. இறந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ எரியூட்ட விரும்பும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அவ்விலைப்பட்டியல் தமிழில் பெயர்க்கப்படுவதாகக் கொள்வோம். அதில் எம்பாமிங் என்பது ‘உடலைப் பாதுகாத்தல்’ என்றிருந்தால், வேண்டாம் என்று சொல்ல எந்த மகனுக்கும் மகளுக்கும் நா எழாது. ‘உடற்பதனம்’ என்றிருந்தால் இன்னதென்று விளங்காது. ‘எம்பாமிங்’ என்று எழுதி, தமனி வழியே வேதிநீர்மம் செலுத்துதல் என்று அடுத்த வரியில் விளக்கினால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர்கள் அறிந்து சொல்ல முடியும்.